பாண்டியம்மாவின் முகத்தில் நான் வைத்த பென்சில்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஐப்பசித் தொடக்கத்தில், போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் ஸ்டுடியோவில், பாண்டியம்மா என்ற பெண்ணைக் கல்யாணப் பேச்சுக்காகப் படம் எடுத்தேன்.

2. மறுநாள் காலை அந்தக் கண்ணாடி நெகடிவின்மேல் பென்சில் பிடித்து டச்சிங் செய்தேன். அவள் முகத்தில் இருந்த அம்மைத் தழும்புகள் எல்லாம் மறைந்தன.

3. படத்தை உறையிலிட்டு ஒட்டி அவள் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் உறையைப் பிரிக்காமலே மலைக்குப் போகும் ஜீப்பில் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினார்.

4. ஒன்பதாம் நாள் அதே ஜீப்பில் படம் திரும்பி வந்தது.

5. கூடவே ஒரு சொல்லும் வந்தது: பெண்ணை மாற்றிவிட்டார்கள்.

6. பெண்ணை மாற்றியது அவள் அப்பா அல்ல. நான்.

*

பினாங்கை விட்டு வந்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் நிறைகிறது. வருடத்துக்கு ஒருமுறை இந்த ஊரைப் பற்றி, அங்கே இந்தப் பத்திரிகையைப் படிக்கும் உங்களுக்கு எழுதுவதாக ஏற்பாடு. போன வருடம் மழையைப் பற்றியும் அரிசியைப் பற்றியும் எழுதினேன். இந்த வருடம் வேறு எதை எழுதினாலும் பாண்டியம்மாவை மறைத்துவிட்டு எழுதியதாக ஆகும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் பினாங்கில் பிறந்தவள். அப்பாவின் ஸ்டுடியோவில் பதினாறு வயதிலிருந்து வேலை செய்தேன். என் கணவர் போடிக்காரர். சின்ன வயதில் அங்கே பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர், என் மாமனார் இறந்த பிறகு ஊர் திரும்பினார். நானும் வந்தேன். அவருக்கு இப்போது ஏலக்காய் மண்டியில் வேலை. காயை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தே தரம் சொல்லிவிடுவார். ஸ்டுடியோ என்னுடையது. மகள் சாந்திக்கு ஆறு வயது, மகன் குமரனுக்கு ஒன்றரை.

முதல் வருடம் ஸ்டுடியோவுக்கு ஆள் வரவில்லை. பிறகு ஊர் ஒன்றைக் கண்டுபிடித்தது: கேமராவுக்குப் பின்னால் நிற்பது பெண் என்றால் வயசுப் பெண்களைத் தயங்காமல் உள்ளே அனுப்பலாம். அப்பா வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார், அம்மா கூட வருவார். கல்யாண வீடுகளிலும் எனக்கு உள்ளறை வரை வழி உண்டு. தாலி கட்டும் நேரத்தைவிட, அதற்கு முன் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடும் நேரத்தில்தான் நான் அதிகம் தெரிந்துகொள்கிறேன்.

இதுவரை தெரிந்துகொண்டவற்றில் சில. மூன்று பேராகப் படத்தில் நிற்கமாட்டார்கள், ஆகாது. தெருவில் போகிற குழந்தையையாவது இழுத்து நான்காக்கிவிடுவார்கள். இந்த ஊரில் பல குடும்பப் படங்களில் என் மகள் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் தெரிய வேண்டும். அதற்காக ஓடாத கடிகாரம் ஒன்றை வைத்திருக்கிறேன், எல்லோருக்கும் அதில் நாலே கால். மலையில் வேலை செய்கிறவர்கள் படத்துக்கு நிற்கும்போது கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். ஏலக்காய்க் கறை என்று நினைத்தேன். கேட்டால், "கையை என்ன செய்றதுன்னு தெரியல தாயி, அதான்" என்றார் ஒருவர். காரணம் அவ்வளவுதான்.

பேச்சு இன்னும் எனக்குச் சரியாக அமையவில்லை. காலையில் வருகிறவர்களிடம் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பேன். நம் ஊரில் அது சாதாரண விசாரிப்பு. இங்கே ஒரு அம்மாள், "ஏன், நாங்க என்ன பட்டினியாவா வந்திருக்கோம்?" என்று பதிலுக்குக் கேட்டுவிட்டார். சாந்திதான் எனக்கு இப்போது மொழிபெயர்ப்பாளர். "பசார்னு சொல்லாத ஆத்தா, சந்தைன்னு சொல்லு. பிள்ளைக சிரிக்குதுக" என்கிறாள். என்னை ஆத்தா என்று எப்போது அழைக்க ஆரம்பித்தாள் என்று குறித்துவைக்கத் தவறிவிட்டேன். பினாங்கின் கடல் அவளுக்கு நினைவில்லை. கப்பலில் வாந்தி எடுத்தது மட்டும் நினைவிருக்கிறதாம்.

*

வெள்ளைக்காரர் ஆட்சி முடிந்து, நம் பினாங்கு இப்போது ஒரு புது நாட்டில் இருக்கிறது. என் பாஸ்போர்ட் பழைய ஆட்சியின் பெயரில் இருக்கிறது. கணவர் இந்தியர் என்பதால் நானும் இந்தியக் குடிமகளாகப் பதிவுசெய்துகொள்ளலாம் என்றார்கள். மதுரைக்கு ரயிலேறிப் போனேன். மனுவோடு படம் வேண்டும், அதில் டச்சிங் கூடாது, எடுத்தவர் பின்புறம் கையெழுத்திட வேண்டும். எல்லாம் முறையாகச் செய்திருந்தேன்.

"எடுத்தது யாரும்மா?" என்றார் குமாஸ்தா.

"நான்."

"படத்துல இருக்கிறது?"

"அதுவும் நான்தான். படம் விழ என் வீட்டுக்காரர் கேமராவின் ரப்பர் பந்தை அமுக்கினார்."

"அப்ப எடுத்தது அவரு."

"அவருக்குக் கேமரா தெரியாது. நான் எல்லாம் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன்."

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் நீங்கன்னு நீங்களே கையெழுத்துப் போட்டா நான் எப்படிம்மா மேல அனுப்புறது?" என்று கோப்பைக் கட்டி ஓரத்தில் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. திரும்பும் ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

இது நடந்த அதே வாரத்தில்தான் பாண்டியம்மா படம் எடுக்க வந்தாள்.

*

டச்சிங் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நெகடிவில் ஒளியும் நிழலும் தலைகீழாக இருக்கும். முகத்தில் ஒரு குழி இருந்தால் அதன் நிழல் நெகடிவில் வெளிறிய புள்ளியாகத் தெரியும். முதலில் ஒரு மெல்லிய பசையைத் தடவிவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் அந்தப் புள்ளியை நிரப்ப வேண்டும். குழி மறைந்துவிடும். குழியின் விளிம்பு பளபளத்தால் அது நெகடிவில் கறுப்பாக விழும். அதைக் கத்தி முனையால் சுரண்ட வேண்டும். பென்சிலைப் பின்னால் அழிக்கலாம். சுரண்டியது சுரண்டியதுதான்.

அப்பாவின் ஸ்டுடியோ சுவரில் மூன்று மொழியில் ஒரு பலகை தொங்கியது: மரு, தழும்பு, அம்மைத் தழும்பு நீக்கித் தரப்படும். நீக்காமல் கொடுத்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவார். ஆறு வருடம் மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து முகங்களைச் சமப்படுத்தியிருக்கிறேன். சீனர், மலாய்க்காரர், நம்மவர், எல்லோர் முகமும் என் பென்சிலுக்குக் கீழே ஒன்றுபோலத்தான். அந்தப் பழக்கத்தில்தான் பாண்டியம்மாவின் முகத்திலும் பென்சில் வைத்தேன். அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

*

படம் திரும்பி வந்த அன்று அவள் அப்பா சின்னச்சாமி ஸ்டுடியோவுக்கு வந்தார். இலவந்தோப்பு வைத்திருப்பவர். இரண்டு பெண்கள், பாண்டியம்மா மூத்தவள், ஈஸ்வரி இளையவள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. படத்தை மேசைமேல் வைத்தார்.

"தாயி, இது எம் மூத்த மகதான?"

"ஆமாம்."

"நானும் ரெண்டு தடவ பாத்தேன். சேல அதுதான். கழுத்துல கெடக்கிறது அதுதான். மூஞ்சி மட்டும் சின்னவ மூஞ்சியால்ல இருக்கு. மூத்தவளக் கேட்டா சின்னவ படத்த அனுப்பிட்டேன்னு மலையில பேசுறாக. சின்னவளக் காட்டி மூத்தவளத் தள்ளிவிடப் பாத்தேனாம்."

தழும்பு இருப்பதால்தான் வேண்டாம் என்கிறார்கள் போலும் என்று நினைத்து, அதற்கு ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதில்ல தாயி. மாப்பிள்ளையோட ஆத்தா வீரபாண்டித் திருவிழாவுல எம் மக தீச்சட்டி எடுத்து வந்ததப் பாத்திருக்கு. முத்துப் போட்ட மூஞ்சி, அந்தப் பிள்ளதான் வேணும்னு ஆள் விட்டுக் கேட்டுச்சு. முத்து எங்கன்னு இப்பக் கேக்குது. நான் என்ன சொல்ல?"

அம்மையை மாரியம்மன் போட்ட முத்து என்பதும், சின்னம்மைக்கும் பெரியம்மைக்கும் அவளைக் கும்பிடுவதும் எனக்குத் தெரியாததல்ல. நம் ஊர்க் கோயிலில் நானும் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் தழும்பைத் தேடி ஒரு வீட்டார் பெண் கேட்பார்கள் என்பது என் படிப்பில் இல்லை.

"அவர்களை நேரில் வந்து பார்க்கச் சொல்லலாமே?"

"சொல்லிவிட்டேனே. ஏமாத்துற வீட்டு வாசல எதுக்கு மிதிக்கணும்னுட்டாக. பிள்ளையக் கூட்டிக்கிட்டு நான் மலையேறணுமா? சந்தையில ஆட்ட நிறுத்துறாப்புல கொண்டுபோயி நிறுத்த மாட்டேன்." கதவருகே போனவர் நின்றார். "இந்த இடம் போனாப் போகட்டும். பொண்ண மாத்துற வீடுன்னு பேரு வந்துருச்சுன்னா ரெண்டு பிள்ளைகளுக்கும் ஒருத்தனும் வரமாட்டான்."

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். "இன்னொரு படம் எடுத்து அனுப்பிரு" என்றார்.

"ஒரு தடவை மாற்றியவர்கள் மறு தடவை மாற்ற மாட்டார்களா என்று கேட்பார்கள்."

"அப்ப?"

"அதே படத்தைத்தான் காட்ட வேண்டும். அவர்கள் கண்முன்னால் பென்சிலை அழிக்க வேண்டும்."

அவர் குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்தார். "நாளைக்கு மண்டியில ஏலம். நான் வர முடியாது. குமரன அக்கா வீட்டுல விட்டுட்டுப் போ. வெரசா எறங்கிரு, மேக்க மேகம் கட்டிக் கெடக்கு."

*

போவதற்கு முன் கேட்க வேண்டியவளைக் கேட்டேன். பாண்டியம்மா தோப்புக் கொட்டகையில் இலவம்பஞ்சில் விதை நீக்கிக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"படத்தைப் பார்த்தாயா?"

"திரும்பி வந்தப்பறம் பாத்தேங்க்கா. மொதல்ல யாரு எனக்குக் காட்டுனாக?"

"என்ன நினைத்தாய்?"

"அம்ம வரலைன்னா இப்பிடித்தான் இருந்திருப்பேன் போலன்னு நெனச்சேன்." ஒரு கைப்பிடிப் பஞ்சை எடுத்துத் தட்டினாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

"நெகடிவைக் கழுவினால் இந்த முகம் போய்விடும். மறுபடி இதுபோல் ஒன்று போட முடியாது. கழுவட்டுமா?"

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "என்னயப் பாத்துட்டுத் தலையத் திருப்பிக்கிட்டுப் போனவுகதான் அதிகம். இவுக பாத்துட்டுக் கேட்டு வந்தாக. கழுவுங்கக்கா. ஆனா திரும்பி வந்த படத்தக் காட்டிட்டு எங்கிட்டக் கொண்டாங்க."

"எதற்கு?"

"சும்மா வச்சுக்கத்தான்."

*

மறுநாள் காலை போடிமெட்டு ஜீப்பில் ஏறினேன். மடியில் சாந்தி, அவள் மடியில் துணி சுற்றிய பெட்டி. பெட்டிக்குள் நெகடிவ், திரும்பி வந்த படம், பென்சிலை அழிக்க டர்பன்டைன் புட்டி, பஞ்சு, அச்சிடும் மரச்சட்டம், கறுப்புத் தாளில் சுற்றிய காகிதம். அந்தக் காகிதத்துக்கு இருட்டறை வேண்டாம். நெகடிவுக்கு அடியில் வைத்து வெயிலில் காட்டினால் படம் தானாகவே கிளம்பும். வெயில் மட்டும் வேண்டும்.

"உள்ள என்ன தாயி?" என்றார் ஜீப் ஓட்டும் கருப்பையா.

"கண்ணாடி, அண்ணே. பார்த்துப் போங்கள்."

"மடியில பிள்ள, பிள்ள மடியில கண்ணாடி. இதுல நான் ரோட்டப் பாக்கவா, ஒங்களப் பாக்கவா?"

காயெடுக்கப் போகும் பெண்கள் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். "ரோட்டப் பாருண்ணே. நேத்து எங்களப் பாத்துத்தான் பள்ளத்துல விட்ட" என்றாள் ஒருத்தி. வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. கடைசி வளைவில் மூடுபனி ஜீப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது.

மாப்பிள்ளையின் அம்மா பெயர் சின்னத்தாயி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டி வீடு. எல்லையோரத்தில் இருபது வருடம் இருந்ததில் அவர் பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. முதலில் சாந்தியைத்தான் பார்த்தார். "மோளே, வெள்ளம் குடிக்கிறியா?" பிறகு என்னிடம், "ஓ, நீதான் படக்காரியா. பொண்ண மாத்துனதுக்குச் சாட்சி சொல்ல அனுப்பிச்சாகளாக்கும்" என்றார்.

"யாரும் அனுப்பவில்லை. நான் செய்த தப்பைக் காட்ட வந்தேன்."

"காட்டு."

நெகடிவை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டினேன். கறுத்த முகமும் வெளுத்த முடியுமாக இருந்ததைப் பார்த்து, "இது என்னத்தா, பேயாட்டம் இருக்கு" என்றார். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து முகத்தின்மேல் வட்டமாகத் தேய்த்தேன். பஞ்சில் சாம்பல் நிறம் ஏறியது. இரண்டாவது பஞ்சிலும் ஏறியது. மூன்றாவது வெள்ளையாகவே வந்தது. சின்னத்தாயி மூன்று பஞ்சையும் வாங்கி முகர்ந்து பார்த்து வரிசையாகத் திண்டில் வைத்தார்.

"இந்த அழுக்கா என்னய ஏமாத்துச்சு?"

"இது பென்சில் கரி. என் கை."

இனி வெயில் வேண்டும். வெளியே பத்தடிக்கு அப்பால் ஏலச்செடி தெரியவில்லை. சட்டத்தில் கண்ணாடியையும் காகிதத்தையும் பூட்டி, முற்றத்தில் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தேன். இரண்டு மணிக்கு ஜீப் இறங்கும். பனிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. ஸ்டோரில் புகை போகும் தகரக் குழாய் சூட்டில் காய் உலரும் மணம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சாந்தி இரண்டு தடவை, "ஆத்தா, சூரியன் இன்னைக்கு லீவா?" என்று கேட்டாள்.

ஒரு மணிக்கு மேல் மேகம் கிழிந்தது. சட்டத்தைத் திருப்பி வைத்தேன். அதன் முதுகு இரண்டு பாதியாகத் திறக்கும், ஒரு பாதியைத் தூக்கிப் படம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். நிழலுக்குள் வைத்து முதல் தடவை திறந்தபோது சேலைக்கரை வந்திருந்தது. இரண்டாம் தடவை மோவாயும் கன்னமும், செம்மண் நிறத்தில். கன்னத்தில் ஒவ்வொன்றாகக் குழிகள்.

சின்னத்தாயி குனிந்தார். திரும்பி வந்த படத்தைப் பக்கத்தில் வைத்தேன். அதே சேலை மடிப்பு, அதே பூ, காதோரம் அதே ஒரு முடி. விரலை நீட்டினார், தொடவில்லை.

"இதுதான். தீச்சட்டிக்குப் பின்னால இந்த மூஞ்சிதான் வந்துச்சு." பிறகு கண்ணை இடுக்கினார். "எடது புருவத்துக்கிட்ட ஆழமா ஒண்ணு இருந்துச்சே?"

"இருந்தது. அதைக் கத்தியால் சுரண்டினேன். அது மட்டும் திரும்பாது."

"ஒண்ண நீ வச்சுக்கிட்டயாக்கும்" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார்.

அப்போது ஸ்டோரிலிருந்து அவர் மகன் ராசு வந்தான். கையிலிருந்த தூசியைத் தட்டியபடி வாசலில் நின்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. நெற்றி முதல் கழுத்து வரை தழும்பு.

"அந்தப் பிள்ளைக்கும் இவனுக்கும் அம்ம ஒரே வருசம் வந்தது" என்றார் சின்னத்தாயி. "வழுவழுன்னு ஒருத்தி வந்து, விடிஞ்சு எந்திரிச்சு இவன் மூஞ்சியப் பாத்துச் சுளிச்சான்னா? அதுக்குத்தான் தாயி நான் பயந்தேன். மாரியாத்தாளே எனக்குக் காட்டுன பிள்ளன்னு நெனச்சிருந்தேன். அதுலயும் ஏமாத்தமான்னு வயிறு எரிஞ்சுபோச்சு."

ராசு இரண்டு படங்களையும் பார்த்தான். நிதானமாகத்தான் கேட்டான். "அந்தப் பிள்ள இதப் பாத்துச்சா?"

"பார்த்தாள்."

"கழுவச் சொன்னது அதுவா, நீங்களா?"

"அவள்தான். நான் கேட்டேன், அவள் சொன்னாள்."

அவன் தலையாட்டினான். சின்னத்தாயி வழுவழுப்பான படத்தை எடுத்து, "இத அடுப்புல போட்டுரு, சனியன் தொலையட்டும்" என்று எழுந்தார். அது பாண்டியம்மாவிடம் போக வேண்டிய படம் என்றேன். அவள் கேட்டதையும், சும்மா வச்சுக்கத்தான் என்று சொன்னதையும் சொன்னேன்.

"இல்லாத மூஞ்சிய வச்சுக்கிட்டு அது என்ன செய்யப்போகுது?"

"குடுத்துருத்தா" என்றான் ராசு. "பாத்துக்கிரட்டும். எனக்கு அப்பிடி ஒண்ணு யாரும் போட்டுக் குடுக்கல."

புதிய படத்தைச் சின்னத்தாயி தன்னிடமே கேட்டார். வெளிச்சத்தில் வைத்தால் கறுத்துவிடும், மருந்தில் கழுவிய பிரதி ஒன்றைப் பிறகு அனுப்புகிறேன், அதுவரை இருட்டில் வையுங்கள் என்றேன். சேலைகளுக்கு அடியில் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். நாங்கள் ஜீப்புக்கு ஓடினோம்.

*

இப்போது நிலவரம் இது. கார்த்திகையில் சின்னத்தாயியும் இன்னும் நாலு பேரும் இறங்கி வந்து பாண்டியம்மாவை நேரில் பார்த்துப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். தையில் கல்யாணம். படம் எடுப்பது நான். எவர் முகத்திலும் பென்சில் வைப்பதற்கு முன் இப்போது கேட்கிறேன். வைக்கச் சொல்கிறவர்கள்தான் இன்னமும் அதிகம், அவர்களுக்கு வைத்துக் கொடுக்கிறேன். மருந்தில் கழுவிய பிரதி மலைக்குப் போய்விட்டது. நெகடிவ் என் பெட்டியில் இருக்கிறது, புருவத்தருகே ஒரு தழும்பு குறைவாக. வழுவழுப்பான படம் பாண்டியம்மாவிடம் இருக்கிறது. அதை அவள் கல்யாணத்துக்குப் பிறகு மலைக்கு எடுத்துப்போவாளா, இங்கேயே விட்டுவிடுவாளா என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை என்றாள்.